மேசை போட்ட வாசல்

எண்ணூர் நெடுஞ்சாலையிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் அந்தத் தெருவில் அந்தோணியார் சப்பரத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. வாசலில் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, மெழுகுவத்தி ஏற்றிவைத்த வீட்டைச் சப்பரம் தாண்டிப் போகாது. கோயிலுக்கு வருகிறவனா வராதவனா என்றெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. போன வருடம் சௌக்கத் அலி தன் பிரியாணிக் கடைக்கு முன்னால் மேசை போட்டார். அங்கேயும் நின்றது. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் வாங்கி, சப்பரத்திலிருக்கும் அந்தோணியார் சுரூபத்தின் பாதத்தில் கொஞ்ச நேரம் வைத்துத் திருப்பிக் கொடுப்பார்கள்.

இதை அமித் திர்க்கியிடம் சொன்னவன் பிராங்கிளின்தான். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று பிற்பாடு அவனுக்குத் தோன்றியது.

இரண்டு பேருக்கும் மணலியில் ஒரு யார்டில் வேலை. கப்பலுக்குப் போகிற கண்டெய்னர் பெட்டிக்குள் சரக்கு ஆடாமல் பெல்ட் போட்டு இறுக்க வேண்டும். அமித் ஜார்க்கண்டுக்காரன். தாத்தா காலத்திலிருந்தே அவர்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். கழுத்தில் செபமாலை கிடக்கும். தெருப் பையன்கள் அதைப் பார்த்தும், "இந்திக்காரன், நம்மள மாதிரி வேஷம் போட்டுகினு திரியறான்" என்றுதான் சொன்னார்கள். உப்பு குடோனுக்குப் பின்னால் வரிசையாக இருந்த ரூம்களில் ஒன்றில் அவனும் பெண்டாட்டி சுஷ்மாவும் இருந்தார்கள். குழந்தை பிறந்ததிலிருந்து அதற்கு மூச்சு இளைப்பு. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து சுஷ்மாவின் முகம் சுருங்கிப் போயிருந்தது.

"புள்ளைய சாமி கால்ல வெக்கறாங்களா?" என்று அமித் கேட்டான். "நான் மேசை போட்டா நிக்குமா அண்ணா?"

"ஏன் நிக்காது? நான்தான் முன் தண்டு தூக்கறேன்."

சொல்லிவிட்டான். அதன் பிறகுதான் மாதா சிலை நிற்கும் கெபிக்குப் பின்னால் சப்பரம் தூக்கும் பையன்கள் கூடிப் பேசினார்கள். சப்பரத்தை நிறுத்தும் மணி டென்னிஸிடம் இருந்தது. ஜெனரேட்டரும் பூவும் அவன் அப்பா வெள்ளத்துரையின் மளிகைக் கடையிலிருந்து வருவதால், மணியும் வருடா வருடம் அவன் கைக்கே போகும். தோளில் பாரத்தோடு நடப்பவர்களுக்கு அந்த மணிதான் கண். மணி அடித்தால் நிற்க வேண்டும், அடிக்காவிட்டால் நடக்க வேண்டும்.

"அவன் வூட்டாண்டல்லாம் நிறுத்த முடியாது மச்சான்" என்றான் டென்னிஸ்.

"மேசை போட்டா நிக்கணும்ல?"

"அது நம்ம ஆளுங்களுக்கு."

"பாய் கடையாண்ட நின்னுச்சே."

"பாய் நம்ம ஏரியா. பொறந்ததுலேர்ந்து பாத்துகினு கீறோம். இவனுங்க யாரு, நேத்து வந்தவனுங்க. இன்னிக்கி ஒரு மேசை. அடுத்த வருசம் பத்து மேசை. அப்பறம் பூசையவே இந்தில வையின்னுவான்."

சுயம்பு பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். அவனும் அதே யார்டில்தான் வேலை பார்த்தான். "எனக்கு வாரத்துல பாதி நாளு ஷிப்ட்டே இல்ல. அவனுங்க ஒரே ரூமுல அத்தினி பேரு படுத்துகினு, குடுத்த கூலிய வாங்கிகினு போறானுங்க. வூட்டு வாடகை ஏறிப்போச்சு. நீ இன்னாடான்னா அவனுக்கு சாமிய நிறுத்தச் சொல்ற."

சுயம்பு சொன்னதில் பாதி உண்மை. டீக்கடையில் பிராங்கிளினே அப்படிப் பேசியவன்தான். ஷிப்ட்டைக் குறைத்தது காண்டிராக்டர். ஆனால் காண்டிராக்டரை இந்தத் தெருவில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அமித்தைத் தினமும் பார்க்கிறார்கள்.

"டென்னிஸு, உங்க தாத்தா தூத்துக்குடிலேர்ந்து மூட்டையோட வந்து எறங்கினப்போ இந்தத் தெருவுல இன்னா பேசினாங்கன்னு உங்கப்பாவ கேளு."

"நாங்க தமிழுடா. அது வேற."

"உங்க கடைல ஆட்டா வாங்கறதே அவனுங்கதான்."

"யாவாரம் வேற மச்சான்."

எல்லாரும் சிரித்தார்கள். டென்னிஸ் அவன் தோளில் தட்டினான். "சரி, டென்ஷன் ஆவாத. அன்னிக்கிப் பாத்துக்கலாம்."

பாத்துக்கலாம் என்றால் அந்தத் தெருவில் முடியாது என்று அர்த்தம். கடன் கேட்டாலும் அதே பதில், பெண் கேட்டாலும் அதே பதில். அங்கேயே பிறந்து வளர்ந்த பிராங்கிளின், காரியம் ஆக வேண்டுமென்ற ஆசையில் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். மறுநாள் யார்டில் அமித், "பக்காவா?" என்று கேட்டபோது, "பக்கா" என்றான்.

வீட்டில் தங்கச்சி ஜூடி மட்டும் கேட்டாள். "வாக்கு உன் வாயில கீது, மணி அவன் கைல கீது. எப்படிண்ணா?"

"நீ வாய மூடு."

திருவிழாவன்று பொழுது சாயும்போது சப்பரம் புறப்பட்டது. பிராங்கிளின் வலது முன் தண்டில் இருந்தான், அவனுக்குப் பின்னால் சுயம்பு. டென்னிஸ் முன்னால் மணியோடு, சப்பரத்தைப் பார்த்தபடி பின்னோக்கியே நடந்தான். பாய் கடையில் மணி அடித்தது, நின்றார்கள். ஒரு புதுமணத் தம்பதியின் வாசலில் அடித்தது, நின்றார்கள். உப்பு குடோனைத் தாண்டித் திரும்பியதும் பிராங்கிளின் பார்த்தான். அந்த வரிசை ரூம்களின் முன்னால், சாக்கடைப் பலகைக்கு இந்தப் பக்கம், ஒரு மேசை. வெள்ளைத் துணி. அரிசிமாவில் இலையும் பூவுமாக, இங்கே யாரும் போடாத மாதிரிக் கோலம். அமித் தலையைப் படிய வாரி, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு நின்றான். சுஷ்மாவின் கையில் குழந்தை. அதன் தலையில் சிவப்புக் கம்பளிக் குல்லாய், அந்த வெக்கையிலும்.

"மணி அடிடா" என்றான் பிராங்கிளின்.

டென்னிஸ் வேறு எங்கோ பார்த்தான்.

"டென்னிஸு. மணி."

"நட மச்சான். நேரமாவுது."

பிராங்கிளின் காலை ஊன்றி நின்றுவிட்டான். ஒருவன் நின்றால் சப்பரம் நிற்காது. பின்னாலிருந்த அத்தனை பேரின் எடையும் தண்டு வழியாக வந்து அவன் தோளில் இடித்தது. சப்பரம் வலது பக்கம் சாய்ந்தது, சுரூபத்தின் தலைக்கு மேலிருந்த விளக்கு வளையம் ஆடியது. பெண்கள், "அந்தோணியாரே" என்று கத்தினார்கள். "சாமிய கீழ போட்றாதடா பேமானி" என்று சுயம்பு பின்னாலிருந்து திட்டினான். இன்னும் ஒரு நொடி நின்றிருந்தால் விழுந்திருக்கும். நடந்தான். தானாக நடக்கவில்லை, தள்ளிக்கொண்டு போனார்கள். மேசையைத் தாண்டும்போது சுஷ்மா குழந்தையை இரண்டு கையாலும் உயர்த்தியே வைத்திருந்தாள், யாராவது வாங்கிக்கொள்வார்கள் என்று.

அடுத்து மணி டென்னிஸ் வீட்டு வாசலில் அடித்தது. பெரிய மேசை, சீரியல் பல்பு, ரோஜா மாலை. தாங்கு கட்டைகளில் சப்பரத்தை இறக்கியதும் பிராங்கிளின் தோளை உருவிக்கொண்டு வந்த வழியே திரும்பி ஓடினான்.

சுஷ்மா குழந்தையோடு உள்ளே போயிருந்தாள். அமித் மெழுகுவத்திகளை ஒவ்வொன்றாக ஊதி அணைத்துக்கொண்டிருந்தான்.

"புள்ளைய எட்த்துக்கினு வா. சீக்கிரம். முன்னால ஒரு வூட்டாண்ட சப்பரம் நின்னுகினு கீது, நானே வாங்கி வெக்கறேன்."

"யார் வூடு அண்ணா?"

"டென்னிஸ் வூடு."

அமித் துணியை மடித்தான். "அந்தக் கடைக்கு நான் டெய்லி போறேன். காசு வெச்சிட்டு ஆட்டா வாங்கறேன். இதயும் அவன் வாசல்ல போயி வாங்கணுமா?"

"அவனுக்காக இல்லடா. புள்ளைக்காக."

"புள்ளைக்குத்தான் மேசை போட்டேன்." அவன் குரலை உயர்த்தவில்லை. "நீ பக்கான்னு சொன்னே."

நான் நின்றேன், தள்ளிவிட்டார்கள் என்று சொல்ல பிராங்கிளின் வாயெடுத்தான். சொல்லி என்ன ஆகப் போகிறது. தோளில் தோல் உரிந்து எரிந்தது. யாரைப் பிடித்து உலுக்குவது என்று தெரியவில்லை. டென்னிஸையா, சுயம்புவையா, தன்னையேவா.

கைப்பேசி அடித்தது. டென்னிஸ்.

"எங்கடா போய்த் தொலைஞ்ச? உன் ஒயரத்துக்கு ஆளு இல்ல. தூக்குனா ஒரு பக்கமா சாயுது. சப்பரம் எங்க வூட்டாண்டயே நின்னுகினு கீது."

"நிக்கட்டும்."

"ஃபாதர் கத்தறாருடா."

"கத்தட்டும். பாத்துக்கலாம்னு சொல்லு."

வைத்துவிட்டான். அமித் அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

"போ அண்ணா. சாமிய ரோட்டுல நிக்க வெக்காத."

பிராங்கிளின் போகவில்லை. உட்காரச் சொல்லி யாரும் அழைக்கவில்லை, அவனாகவே படியில் உட்கார்ந்தான். கைப்பேசி மறுபடி அடித்தது. உள்ளே குழந்தை முழித்துக்கொண்டு இழுத்து இழுத்து அழுதது. சுஷ்மா அவள் பாஷையில் ஏதோ சொன்னாள்.

"இன்னா சொல்றாங்க?"

"ஒண்ணு ஃபோன எடு, இல்ல அணைச்சிடுன்னு சொல்றா" என்றான் அமித். "இப்பத்தான் தூங்குச்சு."

பிராங்கிளின் கைப்பேசியை அணைத்தான்.