நத்தையின் வலப்பக்கம்

கண் அறுவை முடிந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் இப்படி ஒரு பேச்சு. கடலுயிர்ப் புத்தகங்களுக்குப் படம் வரைவது அவள் வேலை. அரிசியளவு நத்தை ஒன்றை லென்ஸ் வைத்து ஒரு வாரம் உட்கார்ந்து வரைந்து கொடுத்தாள். பதிப்பாசிரியர் படத்தைப் பார்த்துத் தயங்கினார்.

"ஓட்டோட கூர்முனை மேல இருக்கிற மாதிரி வச்சா, நத்தைக்கு வாய் வலப்பக்கம்தாம்மா இருக்கும். நீங்க இடப்பக்கம் வச்சிருக்கீங்க. கண்ணைப் போட்டு வருத்திக்காதீங்க, மீதிப் படத்தை வேற ஆள்கிட்ட குடுத்துக்கலாம்."

அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் சுருக்கென்று தைத்தது. எடுத்துக் காட்டலாமென்றால் அந்த ஓடு இடுக்கியில் நொறுங்கிப் போயிருந்தது. இருபது வருடம் சோறு போட்ட கண்ணை அவள் அன்றுதான் முதன்முதலாகச் சந்தேகப்பட்டாள்.

மறுநாள் காலை கடல் உள்வாங்கிய நேரம் பார்த்துப் புருஷனை இழுத்துக்கொண்டு போனாள். அவர் தையல்காரர். கால் நனைக்கவே கணக்குப் பார்க்கிற மனிதர், பாவம், முழங்கால் தண்ணீரில் நின்றார். ஆனால் ஊசியில் நூல் கோக்க இன்றுவரை யார் தயவும் வேண்டாத கண் அவருக்கு.

ஐந்தாவது கல்லைப் புரட்டியபோது அடியில் ஆரஞ்சு நிறக் கடற்பஞ்சு அப்பியிருந்தது.

"இதுதாங்க அதுக்கு வீடு. சாப்பாடும் இதுவேதான்."

"குடுத்து வச்ச நத்தை. கடைக்குப் போற வேலையே இல்ல" என்றார்.

பஞ்சின் துளையொன்றில் ஒட்டிக்கொண்டிருந்ததை மெல்ல எடுத்து, கடல்நீர் ஊற்றிய கிண்ணத்தில் கூர் மேலே, வாய் முன்னே தெரியும்படி வைத்தாள். லென்ஸை அவரிடம் நீட்டினாள்.

"வாய் எந்தப் பக்கம்? என் முகத்தைப் பாக்காம சொல்லுங்க."

அவர் நிதானமாகப் பார்த்தார். "வலப்பக்கம்."

லென்ஸை வாங்கிப் பார்த்தவளுக்கு இப்போதும் இடப்பக்கம்தான் தெரிந்தது. ஆக, கண் போனது போனதுதான். அப்படியே பாறைமேல் உட்கார்ந்தாள்.

"ஏம்மா, என்ன ஆச்சு? இதோ இந்தப் பக்கம்தானே இருக்கு" என்று பதறிச் சுண்டுவிரலால் காட்டினார். விரல் இடப்பக்கம் நின்றது.

"இதுவா வலப்பக்கம்?"

"பின்னே? எதிர்ல நிக்கிறவருக்குத்தானே அளவெடுக்கிறேன். அவர் வலக்கை என் இடக்கைக்கு நேரா இருக்கும். சட்டை போடுறவர் வலம்தான் முப்பது வருஷமா எனக்கு வலம். நத்தைக்கு மட்டும் மாத்திச் சொல்லணுமா?"

பாவி மனுஷன், ஒரு நிமிடத்தில் உயிரை எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்! சிரிக்க ஆரம்பித்தவள் எப்போது அழத் தொடங்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"என் கண்ணு நல்லாத்தாங்க இருக்கு."

"அதைத்தான் நான் தினமும் பாக்கிறேனே" என்றார் அவர், ஈரக் கையைச் சட்டையில் துடைத்தபடி.

மதியம் பதிப்பகத்தில், அவள் கொண்டுபோன கிண்ணத்தைப் பதிப்பாசிரியர் லென்ஸில் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். இந்த வகை நத்தைக்கு வாய் இடப்பக்கமேதான். மீதிப் படங்களுக்கான காகிதக் கட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

சாயங்காலம் நத்தையை அதன் பஞ்சிலேயே கொண்டுபோய் விட்டார்கள். கல்லைப் பழையபடி கவிழ்த்து வைத்தவர் அவர்தான்.

அன்று வீட்டில், படத்தின் கீழே "வாய் இடப்பக்கம்" என்று எழுதினாள். தையல் மிஷின் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்தாள்: "பார்ப்பவருக்கு."