முதல் குடிசை

என் மனைவி ஃபெத்தீன்யா புல்லும் வேருமாக ஒரு மண்கட்டியைப் பெயர்த்து என் தலையில் வைத்தாள். ரொட்டி சுடும் தட்டு அளவு அகலம், நாலு விரல் கனம். விடியற்காலைப் பனியில் ஊறிய மண். சேற்றுத் தண்ணீர் பிடரி வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. ஒரு மண்புழு காதோரமாக வந்து கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பிப் போனது. முற்றத்தை ஒரு சுற்று நடந்து பார்த்தேன். கட்டி ஆடியது. இன்னொரு சுற்று நடந்தேன். வாசலில் நின்ற பசு என்னைப் பார்த்துவிட்டு, தலையில் இருந்த புல்லுக்கு நாக்கை நீட்டியது.

"அதுக்கும் தெரிஞ்சிருக்கு எதுக்காக நடக்கறேன்னு," என்றாள் ஃபெத்தீன்யா. "கழுத்தை ஆட்டாத. நாளைக்கு கீழ விழுந்துச்சுன்னா ஊரே சேர்ந்து உன்னைப் புதைச்சிடும்."

எங்கள் ஏரிக்கரையில் எல்லைத் தகராறு வந்தால் இதுதான் வழக்கம். இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்ட ஒருவன் தலையில் புல்கட்டியும் கையில் மாதா படமுமாக நடப்பான். எங்கே கட்டியை இறக்கி வைக்கிறானோ அங்கே எல்லைக்கல். இறக்கும் வரைக்கும் யாரும் அவனைத் தொடக்கூடாது, தடுக்கக்கூடாது. பொய்யாக நடந்தால் தலையில் இருக்கும் மண் காலடி மண்ணோடு சேர்ந்து ஆளை உள்ளே இழுத்துவிடும். வடகரையில் ஒருவன் அப்படி நடந்து, அந்தக் குளிர்காலமே நெஞ்சு இறுகிச் செத்தான் என்று சொல்வார்கள். குளிர்காலத்தில் நெஞ்சு இறுகிச் சாகிற எல்லோருமே பொய்யாக நடந்தவர்களா என்று ஒருமுறை கேட்டேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

எங்கள் ஊரில் பதினாலு வீடு. ஊர் வேலிக்கும் ஷோம்ஷா ஓடைக்கும் நடுவே உள்ள புல்வெளியில் வருஷத்துக்கு அறுபது போர் புல் தேறும். ஏழு மாதக் குளிருக்கு மாடுகள் தின்பது அதைத்தான். அது கைவிட்டுப் போனால் முதல் பனிக்கு முன்னே பாதி மாடுகளை வெட்ட வேண்டும். மாடு பாதியானால் எரு பாதி. எரு பாதியானால் ரொட்டிக்கான ரை தானியம் விளையாது. அப்புறம் யாரை வெட்டுவது என்று எங்கள் ஊர்த்தலைவன் ஷெஸ்தாக் கூட்டத்தில் கேட்டான். அவன் ஃபெத்தீன்யாவுக்கு அண்ணன். கேட்கும்போது என்னைத்தான் பார்த்தான்.

எல்லாம் ஒரு மனிதர் வந்ததில் தொடங்கியது. பதினோரு வருஷத்துக்கு முன் வசந்தத்தில் அகாப்பி சாமி வந்தார். தோளில் கோடாலி, முதுகில் ஒரு செப்புப்பானை, மார்பில் துணி சுற்றிய படம். ஊர் வேலியிலிருந்து நூறு காலடி தூரத்தில், புல்வெளியின் தொடக்கத்தில், ஒரு குடிசை போட ஆரம்பித்தார். யாரையும் கேட்கவில்லை. காட்டில் எங்கிருந்து முளைத்தார், எத்தனை நாளாக அங்கே இருந்தார் என்பதும் எங்களுக்குத் தெரியாது. ஓடிப்போன அடிமை என்றார்கள் சிலர். புதையல் தேடி வந்தவர் என்றார்கள் சிலர். மனைவியைக் கொன்றவர் என்று என் அம்மா உறுதியாகச் சொன்னாள். ஏன் என்று கேட்டால், அவ்வளவு அமைதியாக இருக்கிறவன் வேறு என்ன செய்திருப்பான் என்றாள்.

வேவு பார்க்க என்னை அனுப்பினார்கள். மூன்று நாள் புதரில் படுத்துக் கிடந்தேன். கட்டைகளைச் செதுக்கிய கை தச்சன் கை, அது பார்த்தவுடனே தெரிந்தது. டர்னிப் விதைத்த விதம் மகா மோசம். சாயங்காலம் வேலையை நிறுத்தி, படத்தைக் கட்டையில் சாய்த்து வைத்து அதன் முன் நின்றார். கொசு முகம் முழுக்கக் கறுப்பாக அப்பிக்கொண்டது. அவர் கையைத் தூக்கவே இல்லை. நானும் புதருக்குள் அப்படியே இருந்து பார்த்தேன். இருபது எண்ணுவதற்குள் கன்னத்தில் அறைந்துகொண்டேன். அந்தச் சத்தத்தில் அவர் திரும்பிப் பார்த்து, புதரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு மறுபடி திரும்பிக்கொண்டார்.

கெட்டவராகத் தெரியவில்லை என்று ஊரில் வந்து சொன்னேன். கெட்டவராக இருந்தால்கூடப் பரவாயில்லை என்றார்கள். தெற்கே ஒரு ஏரியில் இப்படித்தான் ஒற்றை ஆளாக ஒருவர் வந்தாராம். பத்து வருஷத்தில் அங்கே நாற்பது துறவிகள், கல் மதில், மடத்துக்கு மீன் பிடித்துக் கொடுக்கும் ஊர்க்காரர்கள். அதனால் ஷெஸ்தாக்கும் நானும் பெர்வூஷா என்று இன்னொருவனும் போய்க் குடிசையைப் பிரித்தோம். பெர்வூஷா பின்னால் ஏரியில் மூழ்கிப் போனான். அரை நாள் வேலை. அடுப்புக் கல்லைப் பிடுங்கி எறிந்தோம். கட்டைகளை ஓடையில் தள்ளினோம். அகாப்பி சாமி ஒரு அடிமரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாக உத்திரம். அதன் ஒரு முனையைத் தூக்கிவிட்டேன், மறுமுனை தரையில் இழுபட்டது. மற்ற இருவரும் தூரத்தில் இருந்தார்கள். சட்டென்று பாரம் குறைந்தது. திரும்பினால் அவர் மறுமுனையைத் தோளில் வாங்கியிருந்தார். இரண்டு பேருமாக ஓடை வரை சுமந்து போய்த் தண்ணீரில் போட்டோம். அவர் கையைத் தட்டிக்கொண்டு, பானையை எடுத்துக்கொண்டு, ஓடையைத் தாண்டிப் போனார்.

அந்த முனையை அவர் ஏன் பிடித்தார் என்று பதினோரு வருஷமாக யோசிக்கிறேன். கேட்டதில்லை. கேட்டால், நானும் ஒரு முனையைப் பிடித்திருந்தேன் என்று ஒப்புக்கொள்வதாகிவிடும்.

ஓடைக்கு அந்தப் பக்கம், வளைந்த பைன் மரத்துக்கும் அப்பால் புதுக் குடிசை போட்டார். அங்கே யாருக்கும் நிலமில்லை, விட்டுவிட்டோம். அடுத்த வருஷம் இன்னொருவர் வந்து சேர்ந்தார். பிறகு ஐந்து பேர். மரத்தால் ஒரு சின்னக் கோவில் எழும்பியது. மணி கிடையாது, தொங்கவிட்ட பலகையைச் சுத்தியால் தட்டுவார்கள். எங்கள் பெண்கள் முதலில் வேடிக்கை பார்க்கப் போனார்கள். அப்புறம் காய்ச்சல்காரப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அப்புறம் தங்கள் ஊருக்குப் பெருமையாக, சாமி முதலில் எங்கள் வேலி ஓரத்தில்தான் குடியிருந்தார் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்கள். பிரித்துப் போட்ட கதையை மட்டும் சொல்லவில்லை.

அதைக் கேட்டவர் மித்ரோஃபான். நாலு வருஷத்துக்கு முன் மடத்தில் சேர்ந்தவர், முன்பு ஒரு பிரபு வீட்டில் எழுத்து வேலை பார்த்தவர், இப்போது மடத்துக் காரியங்களைப் பார்த்துக்கொள்கிறவர். கெட்டவரென்று சொல்ல மாட்டேன். பதினெட்டு வாய்க்குச் சாப்பாடு போட வேண்டியவர். அவர் கோமகனிடம் போய்ப் பட்டயம் வாங்கி வந்தார். பெரிய சாமியின் முதல் குடிசை எங்கே இருந்ததோ, அங்கிருந்து காட்டுப்பக்கம் உள்ளதெல்லாம் மடத்துக்கு, ஏரிப்பக்கம் உள்ளது ஊருக்கு. அளக்க ஒரு எழுத்தர் வருவார். அதாவது புல்வெளி முழுவதும் போனது.

சாமி எங்கள் பக்கம் குடியிருந்ததே இல்லை, பெண்கள் பெருமைக்குச் சொன்ன பேச்சு, முதல் குடிசை ஓடைக்கு அப்பால்தான் என்று சொல்வதாக ஊர் முடிவு செய்தது. நடக்க என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். என் வார்த்தையை மடத்துக்காரர்களும் நம்புவார்களாம்.

"ஓடையைத் தாண்டு. வளைஞ்ச பைன் மரத்துக்கிட்ட இறக்கு. அவ்வளவுதான் மாப்ளே," என்றான் ஷெஸ்தாக்.

"இடம் உனக்கும்தான் தெரியும். நீயே நடக்கறதுதானே."

"எனக்கு முட்டி வலி."

"கட்டி தலைக்குத்தான் மச்சான். முட்டிக்கு இல்ல."

அவன் சிரிக்கவில்லை. பயம் என்று தெரிந்தது. எனக்கும் பயம்தான். ஃபெத்தீன்யா மட்டும் துவைத்த சட்டையை எடுத்து வைத்துக்கொண்டே பேசினாள்.

"புல்லு இல்லேன்னா மாடு சாகும். அது நான் கண்ணால பார்த்தது. மண்ணு ஆளை இழுக்கும்ங்கறது காதால கேட்டது. நீ எதை நம்பறியோ நம்பிக்க."

துவைத்த சட்டை எதற்கு என்று நான் கேட்கவில்லை. பிணத்துக்கும் அதைத்தான் போடுவோம்.

மறுநாள் எழுத்தர் படகில் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர், கொசு கடித்து ஒரு கண் மூடியிருந்தது. எழுதும் பலகையைக் கயிற்றில் கழுத்திலிருந்து தொங்கவிட்டிருந்தார். சீக்கிரம் முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும் என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. ஊர் ஒரு பக்கம், துறவிகள் ஒரு பக்கம். அகாப்பி சாமி கடைசியாக வந்தார். தாடி மஞ்சளாகிவிட்டது, கால் பாதங்களைச் சுற்றி மரப்பட்டைச் செருப்பு. எழுத்தர் அவரிடமே கேட்டார், உங்கள் குடிசை, நீங்களே இடத்தைக் காட்டிவிடலாமே என்று.

"அவன் நடக்கட்டும்," என்றார் சாமி.

மித்ரோஃபானின் முகம் சிவந்தது. சாமி இடத்தைத் தன்னிடம் சொல்லியிருக்கிறார் என்றார். சொல்லியிருப்பேன், நிறையச் சொல்லுவேன் என்று மட்டும் சொல்லிவிட்டு சாமி என் பக்கம் பார்த்தார். புதரைப் பார்த்த அதே பார்வை. தெரிந்தவரைப் பார்ப்பதுபோலவும் இருந்தது, பின்னால் இருக்கும் மரத்தைப் பார்ப்பதுபோலவும் இருந்தது.

வேலியிலிருந்து கிளம்பினேன். ஷெஸ்தாக் கட்டியை என் தலையில் வைத்து, மாதா படத்தைக் கையில் கொடுத்தான். எழுபது காலடி, எண்பது காலடி. புல் அறுக்கும் எங்கள் எல்லோருக்கும் பழைய குடிசை இருந்த இடம் தெரியும். அடுப்புச் சாம்பல் மண்ணில் இறங்கியதால் ஒரு கட்டில் அளவுக்குப் புல் கருகருவென்று முழங்கால் வரை நிற்கும். வருஷா வருஷம் நான்தான் அதை அறுப்பேன். அதன் பக்கமாக ஐந்தடி தள்ளி நடந்தேன். கால் நிற்கப் பார்த்தது. இழுக்கிறதென்றால் இங்கேதான் இழுக்க வேண்டும் என்று நினைத்தேன். உள்ளங்கால் மண்ணை உற்றுக் கேட்பதுபோல அழுந்தி அழுந்தி வைத்தேன். ஈரமாக இருந்தது. வேறொன்றும் இல்லை. நூற்றிருபது காலடி ஆனபோது, நான் பொய்யன், உயிரோடு இருக்கிறேன் என்பது தெரிந்தது. நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பார்த்தால், சந்தையில் பெரிய பெட்டியைத் திறந்து உள்ளே ஒன்றுமில்லை என்று கண்டவன்போல இருந்தது.

அப்போதுதான் பின்னால் பேச்சுச் சத்தம் நின்றதைக் கவனித்தேன். அதுவரை ஊர்க்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டு வந்தார்கள். திடீரென்று காலடிகள் மட்டும். அதில் ஒரு காலடி எனக்கு மிக அருகில். மரப்பட்டைச் செருப்பு தேய்கிற சத்தம். தலையைத் திருப்ப முடியாது. ஓடையில் இறங்கினேன். தண்ணீர் முட்டிவரை. எனக்குப் பின்னாலும் ஒருவர் இறங்கினார். மூச்சு வாங்குவது கேட்டது.

"சாமி, அதை இறக்குங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், கீழ இறக்குங்க."

மித்ரோஃபானின் குரல். என்னத்தை இறக்கச் சொல்கிறார் என்று புரியவில்லை. கரையேறி வளைந்த பைன் மரத்தடிக்கு வந்தேன். மண்டியிட்டு, மாதா படத்தை மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு கையாலும் கட்டியைத் தூக்கித் தரையில் வைத்தேன். இங்கேதான் என்று சொன்னேன். பொய் வாயிலிருந்து சுலபமாக வந்தது. பிறகு நிமிர்ந்தேன்.

அகாப்பி சாமி என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். அவர் தலையிலும் ஒரு புல்கட்டி. வெட்டியது இல்லை, கையால் பிய்த்தது, ஓரமெல்லாம் கந்தல். அதில் இருந்த புல் கருகருவென்று நீளமாக இரண்டு பக்கமும் தொங்கியது. மண்ணுக்குள்ளிருந்து கரித்துண்டுகள் உதிர்ந்து, வியர்வையில் கரைந்து, நெற்றிப்பொட்டில் கறுப்புக் கோடாக இறங்கிக்கொண்டிருந்தன. கையில் மரச்சிலுவை. பைன் மரத்தை அவர் பார்க்கவே இல்லை. நிற்கவும் இல்லை.

ஷெஸ்தாக் என் பக்கத்தில் வந்து நின்றான். "எங்க போறாரு?" என்றான். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

எழுத்தர் என் கட்டியைப் பார்த்தார், சாமியைப் பார்த்தார். ஒரு கணம்தான் யோசித்தார். தலையில் கட்டியோடு ஒருவர் நடந்துகொண்டிருந்தால் எல்லை முடியவில்லை என்று சொல்லிவிட்டுப் பலகையைத் தூக்கிப் பிடித்தபடி பின்னால் போனார். மித்ரோஃபான் எழுத்தரின் முன்னால் ஓடி, அவர் முகத்தை நோக்கிப் பின்னோக்கி நடந்துகொண்டே பேசினார். சாமிக்கு வயசாகிவிட்டது, இடம் மறந்துவிட்டது என்றார். சாமியைத் தொட அவருக்குத் துணிவில்லை. சாமி கோவிலின் வாசலைக் கடந்தார். டர்னிப் பாத்தியைக் கடந்தார். அது இப்போதும் மோசமாகத்தான் விளைந்திருந்தது. கிணற்றைக் கடந்தார்.

"கோவில் ஊர்ப்பக்கம் போயிடுச்சே," என்றார் மித்ரோஃபான். அவர் குரல் உடைந்திருந்தது. "சாமி, நம்ம கோவில் வெளியில போயிடுச்சு. எங்கதான் நிப்பீங்க?"

மற்றத் துறவிகள் எல்லோரும் கோவிலுக்கும் காட்டுக்கும் நடுவே எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் நின்றார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக நடக்கத் தொடங்கினார்கள். எங்களுக்காகச் செய்கிறாரா, மித்ரோஃபானுக்குப் பாடமா, இல்லை, நாங்கள் யாரும் பார்ப்பதற்கு முன்னால் காட்டுக்குள் உண்மையிலேயே ஒரு குடிசை இருந்ததா? அப்படி இருந்தால் நான் சொன்னதும் பொய், ஊர்ப் பெண்கள் சொன்னதும் பொய், பட்டயம் எழுதியதும் பொய். எங்கள் வேலி ஓரம் அவர் முதலில் குடியிருந்த இடமே இல்லை, நடுவில் வந்து தங்கிய இடம்தான்.

ஃபெத்தீன்யா ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டாள். முடிஞ்சிடுச்சு, வீட்டுக்கு வா என்றாள். எங்கள் புல்வெளி அவளைச் சுற்றி, அறுக்காத முழு உயரத்தில் நின்றது. நான் கையைக் காட்டிவிட்டுத் துறவிகளின் வரிசையில் கடைசியாகச் சேர்ந்துகொண்டேன்.

காட்டுக்குள் பாதை இல்லை. கொசு கவிந்தது. முன்னால் தலைகளுக்கு மேலே கரும்புல்லின் ஒரு கொத்து ஏறி இறங்கி, கிளைகளுக்கு இடையில் தெரிந்து மறைந்து, போய்க்கொண்டே இருந்தது. இதோ நிற்கப் போகிறது என்று ஒவ்வொரு மரத்திலும் நினைத்தேன்.