கடித்த ரொட்டி

"படமெடுக்கிறவங்க போற வரைக்கும் வாயத் திறக்காத. அவங்க போனதும் உன் மெத்தையச் சுருட்டிக்கிட்டு அப்பன் வீட்டுக்குக் கிளம்பு" என்றாள் ஹோஸியத், மருமகளின் முகத்தைப் பாராமலே.

தேநீர்க் கெண்டியைக் கழுவிக்கொண்டிருந்த மலோஹத்தின் கை நின்றது. ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போன அவள் கணவன் சவப்பெட்டியில் திரும்பி வந்தது போன குளிர்காலத்தில். தாஷ்கண்டின் அந்தப் பழைய தெருவை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்கள். பதிலுக்குக் கிடைக்கும் வீட்டில் மாமியாருக்கு இடமுண்டு, மூத்த மகன் குடும்பத்துக்கு இடமுண்டு. புருஷனை முழுங்கியவளுக்கும் அவள் பெண்குழந்தைக்கும்தான் இல்லையாம். வந்த நாள் முதல் விடியுமுன் எழுந்து முற்றம் பெருக்கியவளுக்கு நல்ல கூலி!

இடிபடும் தெருக்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வந்த திலோரம், திராட்சைப் பந்தலடியில் காமிராவை நிறுத்தினாள். வாசலில் தெருவே கூடிவிட்டது. ஹோஸியத் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு அழத் தொடங்கினாள். அழுகையில் அவளை யாரும் அடித்துக்கொள்ள முடியாது.

"நான் மருமகளா வந்து ஏறின வீடு கண்ணு இது. வாழ வந்தவள வெளிய தள்ளுறவன் மனுஷனா? அவன் உருப்படுவானா?"

கூட்டத்தில் இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள்.

"சுவத்துல ஒரு ரொட்டி தொங்குதேம்மா?" என்றாள் திலோரம்.

"என் சின்னவன் ஊருக்குப் போறப்ப ஒரு வாய் கடிச்சுட்டுப் போனான். மீதியத் திரும்பி வந்து திங்கணும்னு மாட்டி வெச்சோம். வரலியே!"

பெரியவர்கள் முன் மருமகள் வாய் திறக்கக் கூடாது என்பது அந்தத் தெருவின் சட்டம். அந்தச் சட்டம் நாசமாய்ப் போகட்டும் என்று நினைத்தாள் மலோஹத். ரொட்டியைக் கழற்றினாள். கணவனின் பல் பதிந்த ஓரம் கல்லாய்க் காய்ந்திருந்தது. கொண்டுபோய் மாமியாரின் மடியில் வைத்தாள்.

"நானும் இங்க வாழ வந்தவதான் அத்தை. காலையில என்னைக் கிளம்பச் சொன்னீங்க. இப்ப இது மேல கை வெச்சுச் சொல்லுங்க. புது வீட்டுல எனக்கும் எம் பொண்ணுக்கும் இடம் இருக்கா, இல்லையா?"

ஹோஸியத்தின் கண்ணீர் சட்டென்று வற்றியது. பொய்ச் சத்தியம் செய்தவரை ரொட்டியே அடித்துப் போடும் என்று பயந்து வளர்ந்தவள் அவள். இல்லை என்று உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் காமிரா பார்க்கிறது, தெருவும் பார்க்கிறது.

"இருக்கு."

"காதுல விழல அத்தை."

"இருக்குடி! ரொட்டி மேல சத்தியமா இருக்கு!"

மூத்தவன் ரவ்ஷன் மெல்ல நழுவப் பார்த்தான்.

"எங்க அத்தான் கிளம்பிட்டீங்க? நீங்களும் வந்து கைய வெய்ங்க."

அவனும் வந்து வைத்தான். முகம் கறுத்துப் போயிருந்தது.

ஹோஸியத் மருமகளின் காதோரம் குனிந்தாள். "ஊர் முன்னால என் கழுத்த அறுத்திட்டியே, பாவி."

அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக மலோஹத் மாமியாரின் கண்ணைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு திலோரத்திடம் திரும்பினாள்.

"அத்தை முகத்துல நிழல் விழுந்துச்சோ? படம் சரியா வரலேன்னா சொல்லும்மா. இன்னொரு தரம் சொல்வாங்க."