நீளாத கை

கருங்கற்களைக் குவித்து வைத்தாற்போல் மும்மலைகளும் வானை மறித்து நிற்க, அவற்றைத் தழுவிய பழங்கோட்டை மதில் வெயிலில் வெந்து வெளிறியிருக்க, அகழியின் அடிச்சேறும் பாளம் பாளமாய்ப் பிளந்து கிடக்க, மழை பொய்த்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தாம் ஆண்டின் கோடை நண்பகலொன்றில் செஞ்சி நகரம் ஒலியவிந்து கிடந்தது. கடைத்தெருவில் கோணித் திரைகள் தாழ்ந்திருந்தன. வண்டிமாடுகள் நிழல் தேடி மதிலோரம் ஒதுங்கின. அத்தெருவில், நெல்லும் கேழ்வரகும் வேர்க்கடலையும் விற்கும் கடையொன்றின் பின்கட்டில், மீனம்பாள் என்பவள் விடாக்காய்ச்சலால் நலிந்து உயிர் ஊசலாடக் கிடந்தாள்.

அவள் கணவன் ஆதிமூலமோ, ஈராண்டுகட்கு முன்னரே இல்லறம் துறந்து, தொண்டூர்க் குன்றின்மேல் முற்காலச் சமண முனிவர்க்கென வெட்டப்பட்ட கற்படுக்கையில் தனித்து வாழ்ந்தான். இல்லாளிடம் கொண்ட வெறுப்பினாலன்று அவன் பிரிந்தது. ஒரே மகளை அம்மைநோய் கொண்டுபோன நாளில், நெஞ்சே பிளந்ததுபோல் துடித்தவன், இன்னுமொரு முறை அவ்வாறு துடிக்கத் தன்னிடம் வலிமையில்லை என உணர்ந்தான். பற்றினை அறுத்தால் துன்பமும் அறும் என்று எங்கோ கேட்ட சொல்லை, வெள்ளத்தில் வீழ்ந்தவன் மிதக்கும் கட்டையைப் பற்றுவதுபோல் பற்றிக்கொண்டு, கடைத் திறவுகோலை மனைவியின் கையில் வைத்துவிட்டு நடந்தான்.

குன்றின் தனிமையில் அவன் உள்ளம் மெல்ல மெல்ல அடங்கிற்று. பெண்டிரைத் தீண்டுவதில்லை எனவும் நோன்பு பூண்டான். இறந்த மகளின் முகத்தை நினைத்தாலும் விழி நனையாத நிலை ஒருநாள் வாய்த்தபோது, மெய்யறிவு கைகூடிற்றென்றே தேறினான். சுற்றூரார் வந்து அடிபணிந்தனர்.

அன்று மீனம்பாளின் தமையன் பச்சமுத்து மிதிவண்டியை விரைந்து மிதித்து வந்து, மூச்சிரைக்கக் குன்றேறி அவன்முன் நின்றான்.

“மாப்ள, மீனா பொழைக்க மாட்டா போல இருக்குது. டாக்டரு கைய விரிச்சுட்டாரு. உங்களத்தான் கேக்குறா.”

“உடம்புன்னா ஒருநாள் விழத்தான் செய்யும், மச்சான்,” என்றான் ஆதிமூலம், முகத்தில் சலனமின்றி.

“அத அவகிட்டயே வந்து சொல்லுங்க.”

அச்சொல்லின் சினம் துறவியை எழுப்பிற்று. காவியை வரிந்துகொண்டு மிதிவண்டியின் பின்னே அமர்ந்து, அனற்காற்றில் ஊர் சேர்ந்தான்.

வெயில் சாயும் பொழுதில், ஈராண்டு மிதியாத தன் வீட்டினுள் நுழைந்து, பாயினின்றும் சற்றே விலகி அமர்ந்தான். மீனம்பாள் கண் திறந்தாள். அவனைக் கண்டதும் அவள் வறண்ட இதழ் அசைந்தது.

“மீனா, உடம்புதான் போவுது. உயிருக்குச் சாவு இல்ல. மனச அலையவுடாத,” என்று தாழ்ந்த குரலில் உரைத்தான் அவன்.

“அதெல்லாம் எனக்கு இன்னான்னு புரியலங்க. பயமா இருக்குது. கையப் புடிச்சுக்குங்க.”

பாயின்மேல் அவள் கை அவனை நோக்கி ஊர்ந்து வந்தது. மெலிந்த மணிக்கட்டில் கண்ணாடி வளையல் சரிந்தது. படிப்போரே, அந்நொடி அவனைத் தடுத்தது நோன்பு மட்டுமாயின் ஒருவாறு பொறுக்கலாம். அக்கையைத் தொட்டால், அரும்பாடுபட்டு அடக்கிய அழுகையெல்லாம் மடையுடைத்துப் பாயும் என்னும் அச்சமே அவன் விரல்களைக் கட்டிற்று. மெய்யறிவென்று தான் போற்றியது அவ்வச்சத்தின் மறுபெயரோ என்னும் ஐயம் மின்னலென வெட்ட, அவன் கை நீட்டினான். அதற்குள் அவள் கை பாயில் அசைவற்றுப் போயிருந்தது. வெதுவெதுப்பு மாறாத அவ்விரல்களை அவன் இறுகப் பற்றினான். அவை திரும்பப் பற்றவில்லை.

ஏரிக்கரைச் சுடுகாட்டில் தீ மூட்டியபின், அவன் மண்ணில் விழுந்து, “தாயே! தாயே!” என்று தாயைப் பிரிந்த கன்றுபோல் இறையைக் கூவிக் கதறினான். அண்டைக் கடைக்காரர் அரிகிருஷ்ணன் அவனைத் தூக்கி நிறுத்த முயன்றார்.

“எல்லாம் தெரிஞ்ச சாமி, நீங்களே அழுவலாமா?”

“ரெண்டு வருசமா கண்ண மூடிக்கினு குந்தியிருந்தேன். ஒருநாள்கூட சாமியக் கூப்புடல. இன்னிக்குத்தான் கூப்புட்றேன்.”

ஆதிமூலம் மீண்டும் குன்றேறவில்லை. காவியைக் களைந்துவிட்டு, மீனம்பாள் தனியே நடத்திய கடையில் அமர்ந்து நெல்லும் கேழ்வரகும் அளந்தான். அருளுரை நாடி வந்தோர், மெய்யறிவு குறித்து ஒன்றும் கூறாத ஓர் எளிய வணிகனைக் கண்டு ஏமாந்து மீண்டனர். அந்திதோறும் விளக்கின்முன் நின்று, விழிநீர் மார்பில் வழிய, ‘தாயே’ என்னும் அந்த ஒரு சொல்லால் இறையை அழைப்பான். மறுமொழி வந்ததென்று அவன் ஒருவரிடமும் உரைத்ததில்லை. குன்றில் பெற்ற அமைதி அவனிடம் திரும்பவேயில்லை. அதனை அவன் தேடவுமில்லை.