சம்பளத்தைக் குலுக்கிப் போட்ட கதை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. இந்தோனேசியாவின் தாசிக்மலாயாவில் பூத்தையல் பட்டறைகளுக்கு நூல் விற்கிறவள் நான். மேடானில் பிறந்த தமிழச்சி, கல்யாணமாகி வந்து இந்த ஊர்க்காரியாகவே ஆகிவிட்டேன். கதையில் வரும் முதலாளி பாக் யாயாத் (பாக் என்றால் இங்கே ஐயா) எனக்கும் நூல் காசு தர வேண்டும். ஆகவே அவரைப் பற்றி நான் எழுதுவதைக் கொஞ்சம் கழித்துக்கொண்டே படியுங்கள்.

முதல் வரியாக இப்படி எழுதினேன்: 'பட்டறையின் தையல் இயந்திரங்கள் விம்மி விம்மி அழுதுகொண்டிருந்த அந்த...'

அடித்துவிட்டேன். அந்தப் பட்டறையில் யாரும் விம்முவதில்லை. ஏழு பெண்கள் சிரிக்கிற சிரிப்பில் இயந்திரச் சத்தமே கேட்காது.

2

அந்த ஏழு பேரில் ஒருத்தி இமாஸ். தொழுகை அங்கிகளின் ஓரத்தில் பூப்போடுவாள். சனிக்கிழமை சம்பள நாள். சில மாதங்களாகச் சனிக்கிழமை வருகிறது, சம்பளம் வருவதில்லை. அதற்குப் பதிலாக, சுடச்சுட வாழைப்பழ பஜ்ஜியோடு பாக் யாயாத் வருவார். வாய் நிறைய இருந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

"செவ்வாய்க்கிழமை கண்டிப்பாம்மா. ஜகார்த்தா வியாபாரி செக் குடுத்திருக்கான்."

"அந்தச் செக்கை வறுத்துத் திங்கலாமா பாக்?" என்பாள் கோக்கோம், வாயில் பஜ்ஜியோடு. ஏழு பேரில் மூத்தவள். நாக்கு கத்தரிக்கோல்.

இமாஸ் எப்படிச் சமாளித்தாள்? ஒரு முட்டையில் மாவைக் கரைத்து ஊற்றி, பெரிதாகச் சுட்டு, நாலாக வெட்டினாள். முனைக்கடையில் கடன் நின்றதும் அடுத்த தெருக் கடைக்கு மாறினாள். அங்கேயும் நின்றது. ஆனால் மோட்டார் சைக்கிள் தவணையை நாலாக வெட்ட முடியவில்லை. அவள் புருஷன் ஊஜாங் அந்த வண்டியில்தான் ஆள் ஏற்றிப் பிழைக்கிறான். அடுத்த வாரம் போய் அதற்கடுத்த திங்கட்கிழமைக்குள் கட்டாவிட்டால் வண்டியைத் தூக்கிவிடுவோம் என்று தவணைக்காரர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். வண்டி போனால் வீட்டில் இருக்கிற ஒரே நிஜமான வருமானமும் போய்விடும்.

(இங்கே ஓர் அழுகைக் காட்சி எழுதி இமாஸிடம் படித்துக் காட்டினேன். "நான் எப்பக்கா அழுதேன்? திட்டுனேன். திட்டுனத எழுது" என்றாள். திட்டியதையும் சொன்னாள். அது அச்சில் ஏறாது.)

3

வில்லனில் எனக்குச் சிக்கல். பாக் யாயாத்துக்குத் தொப்பையும் தங்க மோதிரமும் கொடுக்க ஆசைப்பட்டேன். ஆனால் மனிதர் மழைக்காலத்திலேயே காரை விற்றுவிட்டார். மனைவி இபு நானியின் (இபு என்றால் அம்மா) ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வருகிறார். ஜகார்த்தா செக்குகள் போன வேகத்தில் திரும்பி வருகின்றன. மிச்சமிருப்பது வாசல் கூண்டில் பாடுகிற, இந்த ஊரில் நல்ல விலை போகிற ஒரு குருவி. அதற்குத் தினமும் அவரே வெட்டுக்கிளி ஊட்டுவார். இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு நான் எங்கே போய் வில்லத்தனம் எழுத?*

* வேலையை விட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே என்று கேட்கிறீர்கள். நானும் கேட்டேன். "வேலைய விட்டா பாக்கியையும் விட்டுட்டுப் போகணும். அதுக்குத்தான அந்தாளு காத்திருக்காரு" என்றாள் கோக்கோம்.

4

எங்கள் தெருவில் பெண்கள் அரிசான் போடுகிறோம். குலுக்கல் சீட்டுதான். எல்லாரும் பணம் போட்டு, குவளையில் பெயர்களைக் குலுக்கி, விழுகிற பெயருக்கு மொத்தத்தையும் கொடுப்போம். சம்பளம் வராத ஒரு சனிக்கிழமை மாலை, அங்கே முதல் ஆளாகப் பணத்தை நீட்டியது இபு நானி.

இமாஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பும் வழியில் கோக்கோமிடம் வெடித்தாள்.

"சம்பளத்துக்கு இல்லாத காசு, அரிசானுக்கு மட்டும் எங்கேருந்துக்கா வந்துச்சு?"

"அடிப் போடி இவளே! சம்பளம் தரலன்னா நம்ம ஏழு பேருக்குத்தான் தெரியும். அரிசான்ல தவறுனா தெருவே காறித் துப்பும். அந்தம்மா வெளிய தல காட்ட முடியுமா?"

இமாஸ் நின்றாள். ('அவள் கண்களில் ஒரு மின்னல்...' வேண்டாம். நின்றாள், அவ்வளவுதான்.)

"அப்போ சம்பளத்தையே அரிசானாக்கிட்டா?"

5

மறுநாள் ஏழு பேரும் முதலாளி வீட்டில் போய் உட்கார்ந்தார்கள். இமாஸ் பேசினாள்.

"பாக், எல்லாருக்கும் ஒரே நேரத்துல குடுக்க உங்களால முடியல. சரி, ஒத்துக்கறோம். வாரம் ஒருத்திக்கு முழுப் பாக்கியையும் குடுங்க. பேரைக் குலுக்கி எடுப்போம். புதுசா தைக்கிற துணிக்கு, துணி கை மாறும்போதே காசு."

"நல்ல யோசனைம்மா! எங்க வச்சுக் குலுக்கலாம்? பட்டறையிலயா?"

"தெரு அரிசான் நடக்குற எடத்துல. அதே பொம்பளைங்க முன்னாடி."

அவர் முகம் சுண்டிப்போனது. "தெரு முன்னாடி எதுக்கும்மா? நமக்குள்ள..."

"நமக்குள்ள வேணும்னா மொத்தத்தையும் இப்பவே குடுத்துருங்க பாக். ஒருத்தர்கிட்டயும் மூச்சு விட மாட்டோம்."

பாக் யாயாத் மனைவியைப் பார்த்தார். இபு நானி ஒரு பெருமூச்சு விட்டு, "வர்ற சனிக்கிழமையே ஆரம்பிச்சிரலாம். இவரைக் கூட்டிட்டு வர்றது என் பொறுப்பு" என்றாள்.

(விஷயம் தெரிந்ததும் ஓடிப்போய், என் நூல் பாக்கியையும் சேர்த்துக்கொள்ளக் கெஞ்சினேன். "உன் பாக்கிய உன் கதையில வாங்கிக்கோ" என்றாள் கோக்கோம்.)

6

முதல் பிரதியில் அவரை ஒரு மணி நேரம் தாமதமாக வரவைத்தேன். பரபரப்புக்காக. நடந்தது வேறு. சனிக்கிழமை அரிசானுக்குப் பாய் விரிக்கப் போனால், அந்த மனிதர் ஏற்கெனவே வெறுந்தரையில் உட்கார்ந்திருக்கிறார்! தலைக்கு எண்ணெய், புது பத்திக் சட்டை, மடியில் உறை. அவர் வீட்டு வாசல் கூண்டு காலியாகத் தொங்கியதை வரும் வழியில் பார்த்திருந்தேன்.

"இத்தன பொம்பளைங்க முன்னாடி நான் என் கல்யாணத்துலகூட உக்காந்ததில்ல" என்றார்.

தெருப் பள்ளிவாசல் இமாம் வீட்டம்மா உறையைப் பிரித்து எண்ணினாள். ஒரு ரூபியா குறையவில்லை. ஏழு பேரும் போட்ட கூச்சலில் வெளியே விளையாடிய பிள்ளைகள் என்னவோ ஏதோவென்று ஓடிவந்தார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எத்தனை சனிக்கிழமை கெஞ்சியும் மிரட்டியும் வராத சம்பளம், தன் காலால் நடந்து வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறது! தந்தவர் முகத்திலும் ஒரு பெருமை. அந்தப் பெருமையை நான் கழித்து எழுத மாட்டேன்.

7

இனி குலுக்கல். பெயர்களை எழுதிச் சுருட்டியது கோக்கோம். கண்ணாடிக் குவளையில் போட்டு, துளையிட்ட மூடி போட்டு, பாக் யாயாத் கையில் கொடுத்தார்கள்.

முடிவு அ: வேறு பெயர் விழுகிறது, வண்டி போகிறது. இதைப் படித்த என் வீட்டுக்காரர், "படுபாவி, நீயெல்லாம் மனுஷியா?" என்றார்.

முடிவு ஆ: கோக்கோமின் பெயர் விழுகிறது, கண்ணீரோடு அதை இமாஸுக்குத் தருகிறாள். "நான் அவ்ளோ நல்லவ இல்ல. அடி அத" என்று கோக்கோமே சொல்லிவிட்டாள்.

நடந்தது இது. அவர் குலுக்கினார். ஒரு சுருள் விழுந்தது. இமாம் வீட்டம்மா பிரித்துப் படித்தாள்: "இமாஸ்."

இமாஸ் முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினாள். இந்த அழுகையை எழுதிக்கொள்ள அனுமதி கொடுத்திருக்கிறாள். திங்கட்கிழமை தவணைக்காரர்கள் பணத்தோடு திரும்பினார்கள், வண்டி ஊஜாங்கோடு கிளம்பியது.

எழுதுகிறவளின் அரிப்பு சும்மா விடவில்லை. குலுக்கல் முடிந்த கையோடு குவளையை எட்டி எடுத்து, "மீதி ஆறையும் பிரிச்சுப் பாக்கட்டுமா?" என்று கேட்டேன். கோக்கோம் வெடுக்கென்று பிடுங்கி, கொதிக்கிற தேநீரை அதில் ஊற்றினாள்.

"கத எழுதறவளுக்கு எல்லாத்தையும் பிரிச்சுப் பாக்கணும்!"

மை கரைந்து ஓடியது. மற்ற ஐந்து பேரும் கூரையில் ஏதோ அதிசயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப அடுத்த வாரத்துக்குப் பேரெல்லாம் புதுசா எழுதணுமே?" என்றார் பாக் யாயாத்.

"நீங்க பணத்தக் கொண்டாங்க பாக். பேர நாங்க பாத்துக்கறோம்."

அந்த ஆறு சுருள்களிலும் என்ன எழுதியிருந்தது என்று நான் எழுதப்போவதில்லை. ஆறு பேர் பெயர் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். ஒரே பெயர் என்றும் எழுதிக்கொள்ளலாம். எதை எழுதினாலும் கோக்கோமிடம் போய்ப் படித்துக் காட்டாதீர்கள். அவள் கையில் இன்னொரு குவளை தேநீர் இருக்கும்.