தொட விட மாட்டேன்

மன்றத்தில் உறுப்பினர்கள் பேசுவதை எழுதுவது என் வேலை. இருபத்திரண்டு வருடமாக எழுதுகிறேன். அவைத்தலைவர் மேடைக்குக் கீழே, அமைச்சர்களின் காலடியில், எங்கள் மேசை இருக்கிறது. தொலைக்காட்சியில் பார்த்தால் எங்கள் உச்சந்தலை மட்டும் தெரியும். ஆளுக்குப் பத்து நிமிடம் என்று முறை வைத்துச் சுருக்கெழுத்தில் எழுதுவோம். மணி அடித்ததும் அடுத்தவர் உட்காருவார். அவர் பென்சில் ஓடத் தொடங்கும்வரை, ஒரு அரை நிமிடம், பழையவரும் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். பிறகு மாடிக்குப் போய், மணி அடித்த இடம்வரை தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். அதற்குக் கீழே உள்ளது அடுத்தவர் பாடு. அதை நாங்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இந்த வேலை தெரியாதவர்களுக்கு ஒன்று புரியாது. எழுதும்போது காது கேட்கும், கை ஓடும், நடுவில் மூளைக்கு விடுமுறை. “என்ன பேசினாங்க இன்னைக்கு?” என்று அக்கா வீட்டுக்காரர், அத்தான், கேட்டால் எனக்குப் பாதி நாள் பதில் தெரியாது. யோசித்துக்கொண்டே எழுதினால் நாலு சொல் பின்தங்கிவிடுவோம். அதிலும் நம் காதில் புளுகைத் திணிப்பவர்கள் பேசும்போது யோசித்தால் பென்சிலை வீசிவிட்டு எழுந்து போகத் தோன்றும்.

வீட்டு வசதி அமைச்சருக்கு நாங்கள் வைத்த பெயர் கைக்குட்டை. எதைப் பற்றிப் பேசினாலும் நாலாவது நிமிடம் சட்டைப் பையிலிருந்து அது வெளியே வந்துவிடும். கழிவுநீர்க் குழாய் மசோதாவுக்கே அழுத மனிதர். கால்வாய்க் கரைத் தெருவை இடித்துவிட்டுப் படகுத்துறையும் ஓட்டலும் கட்டப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. ஒப்பந்தம் எடுத்திருப்பது அமைச்சரின் மருமகன் என்று அதைவிடப் பேச்சு. அந்தத் தொகுதியில் இடைத்தேர்தல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று அவர் எழுந்தார், அழுதார், நெஞ்சில் கை வைத்து ஒரு வாக்கியம் சொன்னார்:

“நான் இருக்கும்வரை அங்கே ஒரு வீட்டைக்கூடத் தொட விட மாட்டேன்.”

மேசைகள் அதிர்ந்தன. எழுதிக்கொண்டிருந்தது நான். அந்த ஒரு வாக்கியம் மட்டும் என் மூளைக்கும் போய்ச் சேர்ந்தது. ஏனென்றால் என் அக்கா வீடு அந்தத் தெருவில் ஏழாவது வீடு.

அக்காவுக்கு முன்னறையில் இஸ்திரிக் கடை. தெருவுக்குப் பின்னால் இருக்கும் அலுவலகங்களின் சட்டையெல்லாம் அவள் மேசைக்குத்தான் வரும். வீடு போனால் கடையும் போச்சு, அத்தானின் மருந்தும் போச்சு. அரசாங்கம் மாற்று வீட்டுக்கு ஒரு ஃபாரம் கொடுத்திருந்தது. ஊருக்கு வெளியே ஒற்றை அறை, நாலாவது மாடி. பிடிக்காவிட்டாலும் அக்கா பூர்த்தி செய்து வைத்திருந்தாள். மறுநாள் கடைசித் தேதி. அமைச்சர் பேசிய அன்று சாயங்காலம் மன்றத்திலிருந்து நேராக அவள் வீட்டுக்குத்தான் ஓடினேன்.

“கிழிச்சுப் போடுக்கா அதை. மாத்து வீடு வாங்கிட்டா, இடிக்கச் சம்மதிச்சுட்டதா ஆயிடும். அமைச்சர் மன்றத்துல எழுந்து நின்னு சொல்லிட்டார். என் கையாலயே எழுதியிருக்கேன்.”

“நிஜமாவா? பத்திரிகைக்காரங்ககிட்ட சொல்ற மாதிரி இல்லையே?”

“பதிவுல ஏறிடுச்சுக்கா. பதிவுல ஏறினதை யாரும் மாத்த முடியாது.”

என் பேச்சை நம்பி அவள் கிழித்துப்போட்டாள். அவளைப் பார்த்து அந்தத் தெருவில் பாதிப் பேர் கிழித்தார்கள். மன்றத்தில் வேலை பார்ப்பவள் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்!

இடைத்தேர்தலில் கைக்குட்டையின் ஆள் அமோகமாக ஜெயித்தார். அடுத்த வாரம் தெரு முழுக்க, ஒரு கதவு விடாமல், இடிப்பு நோட்டீஸ் ஒட்டினார்கள். பசை காயவில்லை, அமைச்சர் வெளிநாட்டில் வீட்டு வசதி மாநாட்டில் இருந்தார். தெருக்காரர்கள் ஒரு பெண் வழக்கறிஞரைப் பிடித்துத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். அவர்கள் கையில் இருந்த ஒரே ஆயுதம் அந்த வாக்கியம்தான். தீர்ப்பாயம் மன்றப் பதிவின் சான்றிட்ட நகலைக் கேட்டது.

இரண்டு நாள் கழித்து அமைச்சரின் செயலாளர் எங்கள் பிரிவுக்கு வந்தார். அவருக்குப் பெயர் கமா. அமைச்சர் பேச்சில் கமா, புள்ளி திருத்துவதாகச் சொல்லி அடிக்கடி வருவார். அமைச்சர் அழுத நாளுக்கு மறுநாளும் வந்தார், அந்த வாக்கியத்துக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் ‘கண்ணீருடன்’ என்று சேர்க்கச் சொல்லி. எங்கள் விதிப்படி, வருடாந்திரப் பதிவுத் தொகுதி கட்டுப் போடும்வரை, தடுமாறி வந்த சொற்களை எடுக்கலாம். எதையும் சேர்க்கக் கூடாது. அதைச் சொல்லி அப்போது திருப்பி அனுப்பினேன். இந்த முறை அவர் விதியைப் படித்துவிட்டு வந்திருந்தார்.

“ஒரே ஒரு சொல்தாம்மா. ‘தொட’ வேணாம்.”

“அவர் சொன்னாரே சார்.”

“வாய் தவறி வந்திருச்சு. சேர்க்கத்தானே கூடாது? நாங்க எடுக்கத்தான் சொல்றோம்.”

“எடுத்தா என்ன வருதுன்னு படிச்சுப் பாருங்க.”

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். “‘ஒரு வீட்டைக்கூட விட மாட்டேன்.’ யாரையும் கைவிட மாட்டேன்னு அர்த்தம். அழகாத்தானே இருக்கு?”

“ஒரு வீட்டைக்கூட மிச்சம் வைக்காம இடிப்பேன்னும்தான் அர்த்தம்.”

“அதெல்லாம் கேக்குறவங்க மனசைப் பொறுத்தது” என்று சிரித்தார்.

இரண்டு எழுத்துச் சொல். அதை உருவினால் வாக்குறுதி மிரட்டலாக மாறுகிறது. மிரட்டல்தான் உண்மை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைக் கண்டுபிடிக்க உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்! குளிரூட்டிய அறையில், மக்கள் பணத்தில் டீ குடித்துக்கொண்டு, எந்தச் சொல்லைப் பிடுங்கினால் ஐம்பது குடும்பம் நடுத்தெருவுக்கு வரும் என்று தேடியிருக்கிறார்கள்.

‘என் குறிப்பேட்டின்படி சரியானது’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பிரிவு அதிகாரி என்னைத் தனியாக அழைத்தார்.

“எனக்கு ரிட்டயர் ஆக ஏழு மாசம்தான்மா இருக்கு. என்னை ஏன் சங்கடத்துல மாட்டிவிடுற?”

“குறிப்பேட்டுல ‘தொட’ இருக்கு சார்.”

“குறிப்பேட்டை எலி கடிச்சிருச்சுன்னு சொல்லிடேன்.”

“எந்த எலி சார்?”

எனக்குப் பதிலாக அவரே கையெழுத்துப் போட்டார். அன்று மாலையே குறிப்பேட்டை அலமாரியிலிருந்து எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். திறந்து பார்க்கவில்லை. அந்த வரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அது போதும் என்று நினைத்தேன்.

தெருக்காரர்களின் வழக்கறிஞரிடம் பேச்சுக்கு மறுநாள் அச்சான பிரதி இருந்தது. அதில் ‘தொட’ இருந்தது. சான்றிட்ட நகலில் இல்லை. நீதிபதி இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, எழுதியவரே குறிப்பேட்டோடு வரட்டும் என்று உத்தரவு போட்டார்.

தீர்ப்பாய அறை சிறியது. மின்விசிறி ஒன்று ஓடியது, ஒன்று முனகியது. தெருவே வந்து பின்னால் நின்றிருந்தது. அக்கா முதல் வரிசையில், இஸ்திரி போட்ட புடவையில், என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். நான் அந்த வாக்கியத்தை மட்டும் படித்தேன். ‘தொட’ என்று சொன்னதும் பின்னாலிருந்து பெருமூச்சுகள் கேட்டன. அமைச்சர் தரப்பு வழக்கறிஞர் துள்ளி எழுந்தார்.

“கனம் நீதிபதி அவர்களே, ஒரு வரியைப் பொறுக்கி எடுத்தா எப்படி? முழுசாப் படிக்கச் சொல்லுங்க. அமைச்சர் எவ்வளவு உருக்கமா, பொதுப்படையாப் பேசினார்னு தெரியட்டும்.”

“படிங்கம்மா” என்றார் நீதிபதி. அவருக்குச் சளி பிடித்திருந்தது.

படித்தேன். அமைச்சரின் தாய்மண், தாய்ப்பாசம், அவர் சிறுவயதில் ஒழுகிய கூரை எல்லாவற்றையும் படித்து, “அமர்கிறேன்” என்பதோடு நிறுத்தினேன். மணி அடித்த இடம் அதுதான். வழக்கறிஞர் எட்டிப் பார்த்தார்.

“கீழ இன்னும் நாலு வரி இருக்கே! அதை ஏன் மறைக்கிறீங்க?”

“அது என் முறை முடிஞ்ச பிறகு எழுதினது சார்.”

“உங்க கையெழுத்துதானே? அதையும் படிக்கணும்.”

நீதிபதி தலையசைத்தார். சுருக்கெழுத்தைக் கோடு கோடாகத்தான் படிக்க முடியும். முன்கூட்டியே கண்ணில் படாது. ஒவ்வொரு கோடும் சொல்லான பிறகுதான் எனக்கே தெரிந்தது, அது மைக் அணைந்த பிறகு கைக்குட்டை உட்கார்ந்துகொண்டே பக்கத்து அமைச்சரிடம் சொன்னது என்று.

“‘கேமரா என் பக்கம்தானே இருந்துச்சு? தேர்தல் முடியட்டும், மறுவாரமே நோட்டீஸ் ஒட்டிடலாம். மாப்பிள்ளை அவசரப்படுறார். இதை நம்பி எவனும் அந்த ஃபாரத்தைக் கொடுக்காம இருந்தா இன்னும் நல்லது. மாத்து வீடும் மிச்சம்.’”

அமைச்சர் தரப்பு வழக்கறிஞர் மறுபடி துள்ளி எழுந்து, மைக்கில் வராதது பதிவே இல்லை, உடனே நீக்க வேண்டும் என்று கத்தினார். அவர் கேட்டுத்தான் நான் படித்தேன் என்பது அவருக்கு மறந்தே போய்விட்டது. நீதிபதி மூக்கைத் துடைத்துக்கொண்டு, “நீக்கிடுங்க” என்றார்.

தீர்ப்பாயத்தின் தட்டச்சர், ஐம்பது வயதுப் பெண், தலையை நிமிர்த்தினாள். “எங்கேயிருந்து எதுவரைக்கும் நீக்கணும்னு உறுதி பண்ணிக்கணும் ஐயா. வாசிக்கிறேன்.” எங்கள் தொழிலில் அதுதான் முறை. அவள் அந்த நாலு வரியையும் நிறுத்தி நிதானமாக, என்னைவிடச் சத்தமாக, மறுபடி வாசித்தாள்.

‘தொட’ நிலைத்தது. இறுதி உத்தரவு வரும்வரை எந்த வீட்டையும் இடிக்கக் கூடாது, ஆறு வாரம் கழித்து விசாரணை என்றார் நீதிபதி. மாற்று வீட்டைப் பற்றித் தெருக்காரர்களின் வழக்கறிஞர் கேட்டார். கடைசித் தேதி முடிந்துவிட்டது, அது இந்த வழக்கில் வராது என்று பதில் வந்தது. ஆறு வாரம் கழித்துத் தோற்றால் இந்த வீடும் இல்லை, அந்த அறையும் இல்லை.

வெளியே வந்தால் கமா படிக்கட்டில் நின்று தொலைக்காட்சிகளுக்குப் பேசிக்கொண்டிருந்தார். அமைச்சர் அன்றே கொடுத்த வாக்கு இன்று வென்றுவிட்டதாம். ஏழைகளின் கண்ணீரைத் துடைத்த தீர்ப்பாயத்துக்கு அமைச்சர் நன்றி சொல்கிறாராம். செருப்பைக் கழற்றலாமா என்று பார்த்தேன். அதற்குள் அவர் கார் ஏறிவிட்டார். என் கைப்பேசியில் பிரிவு அதிகாரியின் செய்தி இருந்தது. அலுவலக ஆவணத்தை அனுமதியில்லாமல் வெளியே எடுத்ததற்காக என்னைத் தற்காலிகமாக நீக்கியிருக்கிறார்கள்.

தெருக்காரர்கள் சிலர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அக்கா வரவில்லை. மதில் ஓரமாக நின்றிருந்தாள். அவளிடம் போனேன்.

“அதை எழுதிட்டுத்தான் அன்னைக்கு என் வீட்டுக்கு வந்தியா?” என்றாள்.

“அக்கா...”

“ஃபாரத்தைக் கொடுக்காம இருந்தா நல்லதுன்னு அவன் சொல்றான். அதை எழுதிட்டு, நேரா வந்து, கிழிச்சுப் போடுன்னு என்கிட்ட சொல்ற.”

“சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. கைதான் எழுதுச்சு.”

“அவனும் அப்படித்தான் சொல்வான். வாய்தான் பேசுச்சுன்னு.”

அவள் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். நானும் பின்னால் போனேன். பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அதில் அவள் தன் பையை எடுத்து வைத்தாள்.