பின்வாசல் செங்கல்

வீடு கழுவிவிட்ட தண்ணீர் சமையலறையைத் தாண்டிப் பின்வாசலுக்கு வந்துகொண்டிருந்தது. கவிப்ரியா ஈரத் தரையில் மண்டியிட்டு, கூலருக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தாள். அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் நிகம்போத் காட் சுடுகாட்டுக்குக் கிளம்பி அதிக நேரம் ஆகவில்லை. அதற்குள் மகள் இப்படித் தேடுகிறாளே என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

"என்னத்தடி தேடற?" என்றாள் அகல்யா அத்தை, அப்பாவின் தங்கை.

"ஆபீசரக் காணோம் அத்த."

ஆபீசர் ஓர் ஆமை. பெயர் வைத்தது அப்பா. லோதி ரோடு அலுவலகத்தில் காலமெல்லாம் குமாஸ்தாவாக இருந்து, மேலதிகாரிகள் ஒரு ஃபைலை நகர்த்தும் வேகத்தைக் கண்ணாரக் கண்டவர் ரத்தினவேல். ஒரு மழைக்காலத்தில் மயூர் விஹார் வீட்டுப் பின்வாசலுக்குத் தானாக நடந்து வந்த ஆமைக்கு அவர் வேறு என்ன பெயர் வைப்பார்? காலையில் பல் தேய்த்த கையோடு அருகம்புல்லும் செம்பருத்தி இலையும் கிள்ளிப் போடுவார். கவி ஆசையாக ரொட்டியை நீட்டினால் கையைத் தட்டிவிடுவார். "அதெல்லாம் தின்னா ஓடு கோணிக்கும் கண்ணு." பின்வாசல் இரும்புக் கதவின் அடிமூலை துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. ஆபீசர் அது வழியாகச் சந்துக்குப் போய்விடக் கூடாதென்று அங்கே எப்போதும் ஒரு செங்கல் இருக்கும்.

போன வாரம் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது, முன்பக்கம் ஸ்கூட்டர்கள் அடைத்துக்கொண்டிருந்ததால் ஸ்ட்ரெச்சர் பின்வாசல் வழியாகப் போனது. கதவு முழுசாகத் திறக்க இடைஞ்சலாக இருந்த செங்கலைக் கவிதான் காலால் எத்தித் தள்ளினாள். அப்பா படுத்தபடியே அதைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் மாஸ்க்கை விலக்கி விலக்கி அதையே கேட்டார்.

"கவி, செங்கல வெச்சியா?"

"வெச்சாச்சுப்பா. மொதல்ல மாஸ்க்கப் போடுங்க."

வைக்கவில்லை. அவள் வீட்டுக்கு வந்ததெல்லாம் குளிக்கவும் மாற்றுத்துணி எடுக்கவும்தான். பின்வாசலை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து ஒரு செங்கலை எடுத்து வைக்க எத்தனை நேரம் ஆகியிருக்கும்? நினைக்க நினைக்க அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

சந்துக்கு ஓடினாள். நிறுத்தியிருந்த கார்களின் அடியிலும் சாக்கடை ஓரத்திலும் பார்த்தாள். அவளைக் கண்டதும் காலனி காவலாளி எழுந்து நின்று கைகூப்பினார்.

"பையா, ஹமாரா கச்சுவா தேகா க்யா?"

சாவு வீட்டிலிருந்து வந்தவள் ஆமையைக் கேட்கிறாள் என்று புரிய அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. "நஹி தீதி," என்றார் மெதுவாக.

வெறுங்கையோடு திரும்பியவளைப் பார்த்து அத்தை துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். "போனா போவுது விடு. ஆமை வீட்டுக்கு ஆகாதுன்னு எங்கண்ணங்கிட்டத் தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாரா?"

சமையலறைப் படியில் ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்த அம்மா அம்சவேணி நிமிர்ந்தாள்.

"அப்படிச் சொல்லாத அகல்யா," என்றாள். "அவரு கடைசியா எங்கிட்டப் பேசினதே அதப் பத்தித்தான். 'கவி செங்கல வெச்சுட்டாளாம் அம்சா, இனி ஒரு கவலையும் இல்ல'ன்னாரு. அப்புறந்தான் கண்ண மூடினாரு."

கவி அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் செம்பருத்திச் செடிப் பக்கம் போனாள். எத்திவிட்ட செங்கல் அங்கேதான் கவிழ்ந்து கிடந்தது. ஒட்டியிருந்த மண்ணைத் துப்பட்டாவால் துடைத்தாள். கதவருகே உட்கார்ந்து, ஓட்டைக்கு நேராக வைத்தாள். கச்சிதமாக அடைத்துக்கொண்டது.

இனி ஆபீசர் திரும்பி வந்தால் எந்த வழியாக உள்ளே வரும்?

செங்கலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். செடியிலிருந்து நாலு இலை கிள்ளி ஓட்டைக்கு முன்னால் போட்டாள்.